மாமியின் பல்பில் சந்தனப் பொட்டு

மோட்டார் எலக்ட்ரிகல் வேலையில் ரிட்டர்ன் என்று ஒரு சொல் உண்டு. நாம் சரி செய்து அனுப்பிய வண்டி அதே குறையோடு திரும்பி வந்தால் அது ரிட்டர்ன். யார் கை வைத்த வண்டியோ அவர் பெயரில் அது ஏறும். கல்கத்தா பவானிபூரில் நான் வேலை பார்த்த கராஜில் அதுவரை என் பெயரில் நான்கு ரிட்டர்ன்கள்தான். மணியின் பெயரில் பதினேழு. இதை யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. நானாகத்தான் எண்ணினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஹெட்லைட் மங்கலைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் மணி வந்து நிற்கிறான். அவனை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. ஆகையால் அவனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாற்காலி

மணி கல்கத்தாவிலேயே பிறந்த தமிழன். அவனுடைய தாத்தா ஏதோ கம்பெனிக்குக் குமாஸ்தாவாக வந்தவர். மணி வங்காளம் பேசினால் வங்காளிகளே அவனை எந்தப் பாடா, எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள். நான் திருச்சியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்தவன். முப்பத்தொரு வருடம் இருந்தும் டாக்குரியா சந்தையில் நான் வங்காளத்தில் விலை கேட்டால் மீன்காரர் ஹிந்தியில் பதில் சொல்வார்.

காலையில் பதினோரு வண்டி வந்தால் எட்டு வண்டிக்காரர்கள் வாசலிலிருந்தே, "மோனிதா ஆச்சே?" என்பார்கள். மணி அண்ணா இருக்கிறாரா என்று அர்த்தம். என்னை எல்லோரும் 'இஞ்சினியர்பாபு' என்றார்கள். மரியாதையான பெயர்தான். ஆனால் இஞ்சினியர்பாபுவை யாரும் தோளில் கை போட்டு முனைக் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப் போனதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் என்று சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வருபவர்களும் அதை மணியின் மேஜையில்தான் வைப்பார்கள். அவன் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பான். எனக்கு முதலில் கொடுப்பான். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எங்கள் பிரிவின் இன்-சார்ஜ் ஹல்தார்பாபு வருடக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அவர் நாற்காலிக்கு இரண்டே பேர், நானும் மணியும். முதலாளி தத்தாபாபு காளி பூஜைக்குப் பிறகு முடிவு சொல்வதாக இருந்தார். எனக்குச் சர்வீஸ் அதிகம், படிப்பு அதிகம், ரிட்டர்ன் குறைவு. ஆகவே நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

என்னைப் பெயர் சொல்லிக் கேட்டு வரும் வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். லேக் மார்க்கெட் விசாலம் மாமி. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை நிறச் சின்னக் கார், அவரே ஓட்டுவார். "ரங்கநாதன் இருக்காரா?" என்று அவர் கேட்கும் குரல் உள்ளே மணியின் காதில் விழுகிறதா என்று நான் பார்த்துக்கொள்வேன்.

எர்த்

வங்காளிகளின் ஆயுத பூஜையான விஸ்வகர்மா பூஜை முடிந்த வாரம் மாமி வந்தார்.

"ரங்கநாதன், லைட்டு அழுது வடியறது. எதிர்ல வர்றவன் 'லைட்டைப் போடு'ன்னு கையைக் காட்டிட்டுப் போறான். நான் போட்டுண்டுதான் வரேன்!"

"எப்பலேர்ந்து மாமி?"

"மழைத் தண்ணில ஒரு தடவை நின்னுடுத்தே, அதுக்கப்புறம்தான்."

மணி அந்தப் பக்கம் போனவன் நின்றான். "மாமி, நூறு வாட் பல்ப் போட்டுடலாமா? பாலிகஞ்ச்ல லைட் போட்டா ஹௌரால சேவல் கூவும்."

மாமி சிரித்தார். "வயர் உருகிடும்" என்றேன் நான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதுதான் உண்மை. மங்கலுக்குப் பெரிய பல்ப் வைத்தியம் இல்லை. கம்பெனி வயரும் ஹோல்டரும் அந்தக் கரெண்டைத் தாங்காது. கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், பிறகு ஹோல்டர் கருகும்.

முறை இதுதான். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, எரியும்போதே அளக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் மீட்டர் எல்லாம் சரி என்று பொய் சொல்லும். பேட்டரியில் 14.1 வோல்ட் இருந்தது. பல்ப் ஹோல்டரில் வந்து சேர்ந்தது 11.3. நடுவில் 2.8 வோல்ட் எங்கேயோ போகிறது. எங்கே என்று தெரிந்துகொள்ள இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஹோல்டர் வரைக்கும் இழப்பு 0.6. ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 2.2. வருகிற பாதை பரவாயில்லை, திரும்புகிற பாதைதான் அடைபட்டிருந்தது.

லைட்டுக்குப் பின்னால் பாடியில் எர்த் வயரைப் பிடிக்கும் போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. தேங்கிய மழைத் தண்ணீர் செய்த வேலை. இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டு, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் பூசினேன். ரிலேயின் கால்களையும் சுத்தம் செய்தேன். இப்போது எர்த் இழப்பு 0.1, மறுபக்கம் 0.4, ஹோல்டரில் 13.6. எதிர்ச் சுவரில் வெளிச்சம் சுண்ணாம்பு அடித்த மாதிரி விழுந்தது.

"பல்பு ரெண்டும் வயசாகிக் கறுத்துப் போச்சு மாமி. அதே வாட்டுல கம்பெனி பல்பா ஒரு ஜோடி வாங்கிடுங்க. மாத்திடலாம். ஒண்ணு மட்டும், கண்ணாடில விரல் படவே கூடாது."

"படாது" என்றார் மாமி. வங்கியில் இருந்தவர், சொன்னால் சொன்னபடி செய்பவர்.

சுண்டல்

துர்கா பூஜைக்கு கராஜ் மூடினோம். தெருவுக்குத் தெரு பந்தல், 'டாக்' என்கிற வங்காள மேளம். நான் வீட்டிலேயே இருந்தேன். லட்சுமி பூஜை கழிந்து கராஜ் திறந்த அன்று மணி கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, நவமியன்னிக்கு விசாலம் மாமி ஆத்துக்குப் போயிருந்தேன். புது பல்பை ஆயுத பூஜையில வெச்சு எடுத்திருக்கா, அன்னிக்கே மாட்டினா விசேஷம்னு போன் பண்ணினா. போய் மாட்டிட்டு வந்தேன். என்ன கொலு! என்ன சுண்டல்!"

நான் இருக்கும் டாக்குரியாவிலிருந்து லேக் மார்க்கெட் ஒரு ஆட்டோ தூரம். மணி இருப்பது அதைவிட எவ்வளவோ தூரத்தில், பெஹாலாவில். மாமியிடம் என் நம்பர் இருக்கிறது. பல்ப் வாங்கச் சொன்னது நான். எர்த்தைக் கண்டுபிடித்தது நான். இத்தனையும் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு.

"என்ன சுண்டல்?"

"கொண்டைக்கடலை. மாங்கா இஞ்சி துருவிப் போட்டு. டப்பால வேற குடுத்து அனுப்பினா."

கொலுவுக்கு என்னை அழைத்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கு விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை.

ரிட்டர்ன்

காளி பூஜைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மாமியின் வண்டி வந்தது. முன் பம்பரின் வலது பக்கம் உரசி வெள்ளை பெயிண்ட் போயிருந்தது. மாமி இறங்கியதும் உட்கார இடம் தேடினார்.

"நியூ டவுன்ல பொண்ணாத்துலேர்ந்து வரேன். பைபாஸ்ல இருட்டற நேரம். முன்னாடி ஒரு சைக்கிள் வேன். கிட்டப் போற வரைக்கும் அந்த மனுஷன் தெரியவே இல்லை ரங்கநாதன். ஒடிச்சேன், டிவைடர்ல உரசிடுத்து. அவன் பிழைச்சான். லைட்டு மறுபடியும் பழைய குருடி மாதிரி ஆயிடுத்து."

சத்தம் கேட்டு தத்தாபாபு வெளியே வந்தார். அவர் என்னிடம் வங்காளமும் ஹிந்தியும் கலந்து பேசுவார். இங்கே தமிழில் தருகிறேன்.

"லைட் வேலை யார் செய்தது?"

ஹல்தார்பாபு என்னைப் பார்த்தார்.

"இஞ்சினியர்பாபு, உங்க வேலையா திரும்பி வந்திருக்கு? ஒரு ஆள் சாகப் பார்த்திருக்கான்!"

மாமிக்கு எதிரில் இதைச் சொன்னார். மணி டெஸ்ட் லாம்ப்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் ஐந்தாவது ரிட்டர்ன், நாற்காலி முடிவாகப் போகிற நேரத்தில்.

வாசனை

வண்டியை உள்ளே சுவருக்கு எதிரில் நிறுத்தி ஷட்டரை இறக்கச் சொன்னேன். லைட்டைப் போட்டேன். வலது பக்கம் கொஞ்சம் மங்கல். இடது பக்கம் படுமோசம், டீ வடிகட்டிய துணி வழியாக வருகிற வெளிச்சம்.

மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 14.1. ஹோல்டரில் 13.6. எர்த் இழப்பு 0.1. என் வேலை இட்ட இடத்தில் அப்படியே இருந்தது. மூச்சு வந்தது. வோல்ட் வந்து சேர்கிறது, வெளிச்சம் வரவில்லை என்றால் குறை பல்பிலோ ரிப்ளெக்டரிலோதான்.

இடது லைட்டின் பின்பக்க ரப்பர் மூடியை இழுத்தேன். குப்பென்று சந்தன வாசனை அடித்தது. கருகின சந்தனம். கோவில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. பல்பைக் கழற்றினேன். கண்ணாடியின் ஒரு பக்கம் கொப்புளம் போல உப்பியிருந்தது. கொப்புளத்தின் மேல் பழுப்பாக ஒரு வட்டம், நடுவில் கருத்த சிவப்பு. சந்தனத்தின் மேல் குங்குமம். அதன் புகை ரிப்ளெக்டர் முழுக்கப் படிந்து வெள்ளிப் பூச்சை மஞ்சளாக்கியிருந்தது. வலது பல்பில் பொட்டு இல்லை, துடைத்த தடம் லேசாகத் தெரிந்தது.

ஹாலஜன் பல்ப் கண்ணாடி அடுப்பைவிடச் சூடாகும். அதன் மேல் எது ஒட்டியிருந்தாலும் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி இளகும். விரல் எண்ணெயே போதும். சந்தனம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே பொய்யாகிவிடும். மாட்டியவன் மணி. பல்பை காட்டன் வேஸ்ட்டில் சுற்றி, முட்டையை எடுத்துப் போவது போல, தத்தாபாபுவின் அறைக்கு எடுத்துப் போனேன்.

தத்தாபாபுவின் அறை

மாமி அங்கேயே ஓரமாக டீயோடு உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பல்பை மேஜையில் வைத்தேன்.

"என் வேலையில குறை இல்லை. மீட்டரை வந்து பாருங்க. பல்பு மேல சந்தனம். இதை மாட்டினது மணி."

தத்தாபாபு கண்ணாடி போட்டுக்கொண்டு கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மணியைக் கூப்பிட்டார். மணி பல்பைக் கையில் வாங்கினான். ஒரு விநாடிதான் பார்த்தான்.

"நான் மாட்டினதுதான். என் தப்பு தத்தாபாபு. ரெண்டு பல்புலயும் பொட்டு இருந்தது. மாமி சுண்டல் எடுக்க உள்ளே போனப்போ கைக்குட்டையால ஒண்ணைத் துடைச்சுட்டேன். ரெண்டாவதைத் துடைக்கறதுக்குள்ள வந்துட்டா."

"துடைக்காதேடா, பூஜை பொட்டுன்னேன்" என்றார் மாமி.

"அதான் அப்படியே மாட்டிட்டேன்."

நான் விடவில்லை. "உனக்குத் தெரியாதா? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நவமியன்னிக்கு, கொலு முன்னாடி, மாமிகிட்டயா? நீங்க சொல்லியிருப்பீங்களா அண்ணா?"

"கண்டிப்பா சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றார் மாமி. "அதான் உங்களைக் கூப்பிடலை ரங்கநாதன்."

மாமி டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னதை நான் மீறலை. விரல் படக்கூடாதுன்னேள். விரலே படலை. ஊதுபத்திக் குச்சி நுனியால தொட்டுத் தொட்டுத்தான் பொட்டு வெச்சேன். பல்பைத் தகரத்தைப் பிடிச்சுத்தான் தூக்கினேன். வேணும்னா மணியைக் கேளுங்கோ."

"ஆமா அண்ணா. ரொம்ப ஜாக்கிரதையா வெச்சிருந்தா."

"விரல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்குதான் மாமி காரணம்" என்றேன். "எது ஒட்டினாலும் சூட்டுல கண்ணாடி உப்பிடும்."

"இதை அன்னிக்கே சொல்லப்படாதா? விரல் படக்கூடாதுன்னு மட்டும் சொன்னா, விரல்தான் ஆகாதுன்னு நினைப்பேன். அந்த சைக்கிள் வேன்காரனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

மணி அலமாரியிலிருந்து புதுப் பல்ப் ஒன்றை எடுத்து அட்டையைப் பிரித்தான். அடியைப் பிடித்து மாமியிடம் நீட்டினான்.

"மாமி, இதோ பாருங்கோ. கண்ணாடியைச் சுத்தி ஒரு தகர வளையம் இருக்கு பாருங்கோ. இதோட பின்பக்கம் லைட்டுக்கு வெளியில இருக்கும், அவ்வளவா சூடு கிடையாது. கரெண்டு போற காலு மூணுலயும் மட்டும் படக்கூடாது. பொட்டு இங்க. சின்னதா ஒண்ணு. சாமிக்கும் கோவம் இல்லை, ரங்கநாதன் அண்ணாவுக்கும் கோவம் இல்லை."

மாமி வாங்கிப் பார்த்தார். "இங்கயா? இது போதுமே!"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அந்த வளையத்தை ஆயிரக்கணக்கான தடவை கையில் பிடித்திருக்கிறேன். அது எத்தனை டிகிரி சூடாகும் என்று சொல்லியிருப்பேன். அங்கே ஒரு பொட்டுக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை. அவன் தப்புச் செய்து பிடிபட்டு நிற்கிற அதே நிமிடத்தில் பார்த்துவிட்டான்.

தத்தாபாபு வயிறு குலுங்கச் சிரித்தார். "மோனி, அடுத்த விஸ்வகர்மா பூஜைக்கு என் சிந்தூரமும் அங்கேதான்."

நாற்காலி போன இடம்

ரிப்ளெக்டரைத் துடைக்க முடியாது. துடைத்தால் பூச்சு துணியோடு வந்துவிடும். ஆகவே லைட் யூனிட்டையே மாற்ற வேண்டும். இடதை முழுதாக மாற்றினேன். வலதில் புகை குறைவுதான், ஆனால் ஒரு கண் வெளுத்து ஒரு கண் மஞ்சளாக இருந்தால் ஓட்டுகிறவருக்குத் தொல்லை என்று அதையும் மாற்றினேன். மணி உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன். சுவரில் கோடு போட்டு இரண்டு வெளிச்சமும் சம உயரத்தில் விழும்படி வைத்தேன். கடைசியாக ஒரு தடவை எர்த்தையும் அளந்தேன். 0.1.

மாமி வெளிச்சத்தைப் பார்த்து, "பிரமாதம் ரங்கநாதன்" என்றார். வண்டியில் ஏறிய பிறகு, "அடுத்த நவராத்திரிக்கும் வந்துடுடா மணி" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்கோ."

'நீங்களும்.' அவன் 'வந்துடுடா', நான் 'நீங்களும்.'

காளி பூஜை வரை காத்திருக்காமல் அன்று மாலையே தத்தாபாபு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரிட்டர்ன் மோனி பெயரில் ஏறட்டும். இஞ்சினியர்பாபு பெயரில் இல்லை" என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நாற்காலியும் மோனிக்கு" என்றார்.

"குறையைக் கண்டுபிடிச்சது நான்" என்றேன்.

"ஆமாம். நீங்க இல்லேன்னா அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா வாடிக்கைக்காரங்க உங்ககிட்ட ஒண்ணை மறைச்சாங்க இல்லையா, பண்டிகை நாள்ல உங்களைக் கூப்பிடாம? வண்டில என்ன பண்றாங்கன்னு நம்மகிட்ட சொல்லப் பயந்தா, உங்க மீட்டர் எதை அளக்கும்?"

அன்று டாக்குரியா போகும் வரை இதற்கு மறுப்பு யோசித்தேன். மூன்று கிடைத்தன. மூன்றும் பலமாக இல்லை.

ஓய்வு பெறும்வரை மணிக்குக் கீழேதான் வேலை செய்தேன். நல்ல இன்-சார்ஜ். அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வருடங்களில் வாடிக்கையாளர்களிடம் ஒன்றை ஆகாது என்று சொன்னால், ஏன் ஆகாது என்பதையும், அதற்குப் பதில் எதைச் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன். என் பெயரில் பிறகு ரிட்டர்ன் ஏறவில்லை. மணியின் பெயரில் மேலும் ஆறு ஏறின. அவன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தது இதுதான். லைட் மங்கினால் பல்ப் கடைக்கு ஓடாதீர்கள். எரியும்போது அளந்து பாருங்கள். வரும் பாதையை அளந்தால் திரும்பும் பாதையையும் அளந்துவிடுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் வெளிச்சம் இல்லை என்றால் பல்பைக் கழற்றிப் பாருங்கள், அப்படியே முகர்ந்தும் பாருங்கள். பண்டிகைக்குப் பிறகு வரும் வண்டி என்றால் என்ன பூஜை செய்தார்கள் என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.

போன ஆயுத பூஜையன்று என் வீட்டில் மருமகள் சந்தனக் கிண்ணத்தோடு என் பழைய மீட்டர், ஸ்பானர், காருக்கு வாங்கி வைத்திருந்த ஸ்பேர் பல்ப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பல்ப் வந்ததும் தடுத்தேன். காரணம் சொன்னேன். தகர வளையத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"அட, நல்ல ஐடியாவா இருக்கே மாமா! யார் கண்டுபிடிச்சது?"

"எங்க தொழில்ல வழக்கம்மா" என்றேன்.

வழக்கமாவது ஒன்றாவது. கண்டுபிடித்தவன் மணி. இதைப் படித்துவிட்டு யாருக்காவது சொல்லிக் கொடுக்கிறவர்கள் அவன் பெயரைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வண்டியில் எர்த்தைப் பார்த்தது ரங்கநாதன், 2.2 வோல்ட், அதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.